கடை முதலாளியும் கம்பெனி டைரக்டரும்

சென்ற ஆண்டு நம் பள்ளியை விட்டுக் கல்லூரிக்குச் சென்ற மாணவி ஒருத்தி விடுமுறையில் என்னைக் காண வந்தாள். "டீச்சர், அப்பா தம் அச்சகத்தைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றப் போகிறார். அதற்கு இரண்டு டைரக்டர்கள் வேண்டுமாம். 'உனக்குத்தான் பதினெட்டு முடிந்துவிட்டதே, ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், வேறு வேலை ஒன்றும் இல்லை' என்கிறார். போடலாமா?" என்று கேட்டாள். ஒரு சொல்லில் விடை கூற இயலவில்லை. அன்று அவளுக்குச் சொன்னதையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். இதைப் படிக்கும் தாய்மார்களுள் சிலரும் என்றோ இப்படிக் கையெழுத்திட்டு மறந்து போயிருக்கக் கூடும்.

அவள் தந்தையின் அச்சகம் அதுவரை தனியாள் வணிகமாக இருந்தது. பெயர்ப் பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும், வருமான வரிச் சட்டத்தின் கண்ணுக்கு அச்சகமும் அவரும் ஒருவரே. அவருடைய பான் எண்தான் அச்சகத்தின் பான் எண். அச்சகத்தின் லாபம் அவர் வருமானம். அச்சகத்தின் வரி பாக்கி அவர் பாக்கி. கல்லாவிலிருந்து பணம் எடுத்து மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினால் யாரும் கேட்கமாட்டார்கள், அது அவர் பணம். ஆனால் கடன் முற்றினால் குடியிருக்கும் வீடு வரைக்கும் பொறுப்பு நீளும்.

சிறு வணிகருக்குச் சட்டம் ஒரு சலுகையும் தருகிறது. ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய்க்கு உட்பட்டிருந்தால், விற்பனையில் 8 விழுக்காட்டை, வங்கி வழியாக வந்த பணமானால் 6 விழுக்காட்டை, லாபம் என்று காட்டி வரி செலுத்திவிடலாம். விரிவான கணக்கேடுகள் வேண்டா. முன்கூட்டிக் கட்ட வேண்டிய வரியையும் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டலாம். கம்பெனிக்கு இந்தச் சலுகை கிடையாது.

கம்பெனி என்பது யார்? வணிகவியல் மாணவியர் அறிந்த சாலமன் வழக்கை நினைவுகூருங்கள். லண்டனில் பூட்ஸ் செய்து விற்ற ஆரன் சாலமன், 1892-இல் தம் வணிகத்தைக் கம்பெனியாக்கினார். அன்றைய சட்டப்படி ஏழு பங்குதாரர்கள் தேவை. அவர், மனைவி, ஒரு மகள், நான்கு மகன்கள் என்று கணக்கைச் சரி செய்தார். மனைவிக்கும் மகளுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு! கம்பெனி நொடித்தபோது, "கம்பெனி வேறு, சாலமன் வேறு" என்று பிரபுக்கள் சபை 1896-இல் தீர்ப்பளித்தது. கணக்குக்காக வீட்டுப் பெண்களைச் சேர்க்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது பாருங்கள்.

கம்பெனி வேறு ஆள் என்றால் அதற்குத் தனி பான் எண், தனி வரி. டைரக்டருக்கு அவருடைய சொந்த வரி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025-26 நிதியாண்டில் அச்சகத்தின் லாபம் 15 லட்சம் என்று கொள்வோம். தனியாள் வணிகமாக இருந்து, புதிய வரி முறையில் கட்டினால் செஸ்ஸுடன் சேர்த்து 1,09,200 ரூபாய் வரி. அதே 15 லட்சத்தைக் கம்பெனி தன் லாபமாக வைத்துக்கொண்டால், 22 விழுக்காடு என்ற சலுகை வீதத்திலும் சர்சார்ஜ், செஸ் சேர்த்து 3,77,520 ரூபாய். மிச்சத்தைப் பங்காதாயமாகக் கொடுத்தால், 2020 ஏப்ரல் முதல் அது பெறுபவர் கையில் மறுபடி வருமானமாகக் கணக்கிடப்படும்.

"அப்படியானால் கம்பெனி நட்டந்தானே, டீச்சர்?" என்றாள். அவசரப்படக் கூடாது. கம்பெனி தன் டைரக்டருக்குச் சம்பளம் தரலாம், அது கம்பெனியின் செலவு. 15 லட்சமும் சம்பளமாகவே போய்விட்டால் கம்பெனிக்கு லாபமில்லை, வரியுமில்லை. சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. ஆகவே தந்தை கட்டுவது 97,500 ரூபாய்தான். தனியாள் வணிகர் தமக்குத் தாமே சம்பளம் கொடுத்துக்கொள்ள முடியாது. இந்தக் கழிவும் அவருக்கு இல்லை. ஆனால் கல்லூரியில் படிக்கும் மகளுக்கு மாதம் ஒரு லட்சம் சம்பளம் என்று எழுதினால், அவள் என்ன வேலை செய்தாள் என்று வரி அதிகாரி கேட்பார். வேலைக்குத் தகாத சம்பளத்தைச் செலவாக ஏற்க மறுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

கடமைகளும் பெருகும். சம்பளத்தில் வரி பிடித்து மாதாமாதம் அரசுக்குச் செலுத்த வேண்டும். விற்பனை எவ்வளவு சிறிதானாலும் பட்டயக் கணக்கர் தணிக்கை செய்தாக வேண்டும். நட்டமே வந்தாலும் கம்பெனி வருமான அறிக்கை கொடுக்க வேண்டும். கம்பெனிப் பதிவாளருக்கு ஆண்டறிக்கை தனி. கல்லாவிலிருந்து எடுப்பதும் முன்போல் அல்ல. கணிசமான பங்கு வைத்திருக்கும் டைரக்டர் கம்பெனியிடம் கைமாற்று வாங்கினால், கம்பெனியின் சேர்ந்த லாபம் உள்ள அளவுக்கு அதைப் பங்காதாயம் என்றே கருதி வரி போடுவார்கள். பல குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் இது.

இனி அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "கம்பெனி வேறு, நான் வேறு என்றால் எனக்கென்ன பயம்?" என்பதுதான் அவள் எண்ணம். பிரைவேட் கம்பெனியின் வருமான வரி பாக்கியைக் கம்பெனியிடமிருந்து வசூலிக்க இயலாமற் போனால், அந்த ஆண்டில் ஒரு நாளாவது டைரக்டராக இருந்தவர் ஒவ்வொருவரிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்கிறது சட்டம். தம் கடுமையான கவனக்குறைவாலோ, முறைகேட்டாலோ, கடமை தவறியதாலோ அது நேரவில்லை என்று மெய்ப்பிப்பவர் தப்பலாம். மெய்ப்பிக்கும் பொறுப்பு டைரக்டருடையது, அதிகாரியுடையது அன்று. "நான் கணக்கைப் பார்த்ததே இல்லை, அப்பா சொன்னார், கையெழுத்திட்டேன்" என்பது எப்படி ஒலிக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கவனக்குறைவை மறுக்கப் போய் அதையே ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? வெறும் பங்குதாரருக்கு இந்தப் பொறுப்பு இல்லை. சாலமனின் மகளுக்கு இருந்தது ஒரு பங்குதான். இவளுக்கோ டைரக்டர் பதவி.

அவளுடைய சொந்த வருமான அறிக்கையும் மாறும். சம்பளக்காரருக்கும் சிறு வணிகருக்கும் உரிய எளிய படிவங்களை டைரக்டராக இருப்பவர் பயன்படுத்தக் கூடாது; நீண்ட படிவத்தில்தான் கொடுக்க வேண்டும்.

அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்பாவைச் சந்தேகப்படுவது போல் ஆகாதா, டீச்சர்?" என்றாள். கூடச் சேர்ந்து கணக்குப் பார்ப்பது சந்தேகம் ஆகாது என்றேன். போர்டு கூட்டத்திற்கு உண்மையாகவே போ. அங்கே எழுதும் குறிப்பின் நகலை வாங்கி வை. பிடித்த வரியைக் கட்டிய செலானை மாதந்தோறும் காட்டச் சொல். தணிக்கையாளரிடம் ஆண்டுக்கொரு முறையாவது நேரில் பேசு. விலக நேர்ந்தால் எழுத்தில் விலகி, அது பதிவாளரிடம் பதிவாயிற்றா என்று பார் என்றும் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். அதற்கு முன்பாக, ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் தந்தையும் மகளும் உட்கார்ந்து அந்த வாரத்துக் கணக்கைப் பார்ப்பது என்று பேசி முடித்திருக்கிறார்கள். முதல் வாரமே காகிதக் கடைப் பில் ஒன்று இரண்டு முறை எழுதப்பட்டிருந்ததை இவள் கண்டுபிடித்தாளாம்.