இவருக்குப் பதில் இவர்

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஏனென்றால் கோடு போட்ட ரிஜிஸ்டர் தாளில், அரிசி, பருப்பு இருப்புக் கணக்கு எழுதுகிற அதே ஒழுங்கோடு, உங்கள் கோபத்துக்கு வரிசை எண் போட்டிருக்கிறீர்கள். 'மெட்டி ஒலி' சீரியலை மறுபடி எடுக்கக் கூடாது என்பதற்குப் பதினொரு காரணங்கள். பதினொன்றாவதில் பேனா முனை தாளைக் கிழித்திருக்கிறது: "டெல்லி குமார் நின்ன இடத்துல வேற ஒருத்தரை நிக்க வெச்சா நான் டி.வி.யை வித்துடுவேன்."

அவசரப்பட்டு விற்காதீர்கள். புதிதாக எடுக்கப் போகிறார்கள், இரண்டாம் பாகம் வருகிறது என்ற பேச்சு கிளம்புவதும் அடங்குவதும் புதிதல்ல. வரும்போது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் பட்டியலை நான் இரண்டு மூன்று தடவை படித்துவிட்டேன். பதினொன்றில் ஆறு காரணங்கள் ஒன்றையே வேறு வேறு விதமாகச் சொல்கின்றன: வேற்று முகம் கூடாது. அங்கேதான் உங்களோடு எனக்குக் கொஞ்சம் சண்டை.

நாமெல்லாம் 'இவருக்குப் பதில் இவர்' பார்த்து வளர்ந்தவர்கள் இல்லையா? வெள்ளிக்கிழமை ராத்திரி வரை ஒரு மருமகள். திங்கட்கிழமை வேறொரு பெண் காபி டம்ளரோடு சமையலறையிலிருந்து வருவாள். படம் அப்படியே நிற்கும். அவள் முகத்துக்குக் கீழே அந்த வரி. இரண்டு மூன்று விநாடி. பிறகு அவள் நடந்து போய் மாமனாருக்குக் காபி கொடுப்பாள். மாமனாரும் ஒன்றும் நடக்காதது போல வாங்கிக் குடிப்பார். "யாருடி இவ, பழையவளுக்கு என்ன ஆச்சு?" என்று அன்றைக்கு முணுமுணுப்போம். புதன்கிழமை அவள் மாமியாரிடம் திட்டு வாங்கும்போது நமக்குக் கண் கலங்கிவிடும். உலகத்தில் வேறு எந்த ஊர் ரசிகர்கள் இவ்வளவு பெருந்தன்மையாக இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாத் தடவையும் அப்படி நடக்கவில்லை என்பதும் உண்மை. 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரனை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி அந்த வேஷத்தில் நடித்த மாரிமுத்து திடீரென்று காலமானார். "இந்தாம்மா ஏய்" என்று அந்த ஆள் அதட்டினால் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் நமக்கே தூக்கிவாரிப் போடும். அவர் இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். சாதாரண ஆளா? 'குற்றப் பரம்பரை' எழுதிய கை. மீசையும் குரலும் கூடவே பிறந்தவை. ஆனாலும் என் அம்மா ஒரு வாரம் அந்த நேரத்துக்குத் துணி மடிக்கப் போய்விட்டாள். புது ஆள் நடிப்பு பிடிக்காமல் இல்லை. துக்க வீட்டில் மறுநாளே நாற்காலியை வேறு ஒருவருக்குப் போட்டுக் கொடுத்தது போல அவளுக்கு இருந்தது. பிறகு வந்து உட்கார்ந்தாள். சீரியல் 2024-இல் முடிந்து, அந்த வருஷக் கடைசியிலேயே 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மறுபடி தொடங்கியபோது ஜனனியாக வேறு பெண் வந்தார். அம்மா அதையும் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆக, முகம் மாறுவது நமக்குத் தாங்கக்கூடியதுதான். 'இவருக்குப் பதில் இவர்' என்கிற அந்தக் கார்டு ஒரு மரியாதை. இன்னார் இருந்தார், இப்போது இல்லை, கோபித்துக்கொள்ளாமல் மேலே பாருங்கள் என்று நம்மிடம் சொல்லிவிட்டுப் போகிறது. நாம் அதுவரை பார்த்த கதை கையில் அப்படியே இருக்கும். ஆனால் 'மெட்டி ஒலி'யை மறுபடி முதல் எபிசோடிலிருந்து எடுக்கும்போது அந்தக் கார்டை எங்கே போடுவார்கள்? 2002-இலிருந்து 2005 வரை, 800 எபிசோடுக்கு மேல் உட்கார்ந்து பார்த்தோமே, எபிசோடுக்கு 20 நிமிஷம் என்றாலும் ராப்பகலாக 11 நாள் ஆகிறது, அந்த 11 நாளுக்கு என்ன கணக்கு? உங்கள் கோபத்தில் எனக்குப் புரிகிற இடம் இதுதான். ரிஜிஸ்டர் எழுதினவர் நீங்கள். இருப்பு இருந்ததை இல்லை என்று எழுதினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இன்னொரு விஷயம், உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 'மெட்டி ஒலி' ஓடிக்கொண்டிருந்தபோதே மலையாளத்தில் அதை 'மின்னுகெட்டு' என்று எடுத்தார்கள். சூர்யா டி.வி.யில் வந்தது. என்னோடு வேலை பார்த்த பாலக்காட்டுக்காரப் பெண் ஒருத்தி அதில் அப்படி ஊறியவள். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது பேச்சு வந்து, அதுக்கு மூலம் எங்க சீரியல்தான் என்று நான் சொன்னதும், அவள் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டாள். நீங்கள் எங்களைப் பார்த்து எடுத்தீர்களா என்று கேட்டாள். வருஷம் சொல்லி, பெயர் சொல்லி நிரூபித்தேன். தலையாட்டினாள், நம்பவில்லை. அவளுக்கு அவள் வீட்டுக் கூடத்தில் ஓடியதுதான் அசல். சன் டி.வி.யில் சாந்தி ஆடிய டைட்டில் பாட்டைப் போட்டுக் காட்டினேன். தீனா இசை, நித்யஸ்ரீ குரல், கேட்ட மாத்திரத்தில் நமக்குக் குக்கர் விசில் முதல் கொசுவர்த்தி வாசனை வரை எல்லாம் திரும்பி வருமே, அதை அவள் ஏதோ பரதநாட்டிய நிகழ்ச்சி பார்ப்பது போலப் பார்த்தாள். அந்தப் பாட்டுக்கு ஆடியவருக்கு 'மெட்டி ஒலி சாந்தி' என்றே பெயர் நின்றுவிட்டது என்று சொன்னேன். "அப்படியா" என்றாள், அவ்வளவுதான்.

இப்போது என் வீட்டுக் கதை. நாங்கள் மூன்று பெண்கள். அப்பா மண்டியில் கணக்கு எழுதினவர். சீரியல் பார்ப்பதில்லை என்பது அவர் கொள்கை. சாப்பிடும்போது எதிரே டி.வி. இருந்தால் அவர் என்ன செய்வார்? பெண்களைக் கட்டிக்கொடுத்த சிதம்பரமாக டெல்லி குமார் சம்பந்தி வீட்டில் போய் நிற்கிற காட்சிகள் வரும். தோளில் துண்டு, முகத்தில் ஒரு சிரிப்பு, உட்காரச் சொல்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் பாதி குனிந்த முதுகு. அந்த இடம் வந்தால் அப்பா தட்டில் மோர் சாதம் மிச்சமிருக்கும்போதே எழுந்து கை கழுவப் போய்விடுவார். குழாய் வெகுநேரம் ஓடும். எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை. அக்காவுக்குக் கல்யாணமாகி அப்போது எட்டு மாதம்.

2020 ஊரடங்கில் ஷூட்டிங் நின்று போய், சன் டி.வி. 'மெட்டி ஒலி'யை எடுத்து மறுபடி போட்டார்களே, அப்போது அப்பா இல்லை. அம்மாவும் நானும் பார்த்தோம். அதே மாதிரி ஒரு காட்சி. அம்மா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "இங்கதான் உங்கப்பா எழுந்து போவார்" என்றாள். எழுந்து போய்ப் புறக்கடைக் குழாயைப் பார்த்துவிட்டு வந்தேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை.

அதே ஊரடங்கில்தான் இன்னொன்றும் நடந்தது. இதை எழுதினால் நீங்கள் கோபிப்பீர்கள். சிதம்பரத்தின் மகள் சரோவை என்னால் பார்க்க முடியவில்லை. சரோவாகக் காயத்ரி நன்றாகத்தான் நடித்திருக்கிறார். புருஷன் மாணிக்கமாக வரும் சேத்தனும் மாமியார் ராஜமாக வரும் சாந்தி வில்லியம்ஸும் இன்றைக்கும் பயமுறுத்துகிறார்கள். ஆனால் அன்றைக்கு எந்தப் பொறுமைக்காக அழுதேனோ, அதே பொறுமையைப் பார்த்து எரிச்சல் வந்தது. "பையை எடுத்துட்டுக் கிளம்பேன்" என்று வாய்விட்டே சொன்னேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். "கிளம்பி எங்க போவா? அங்க இன்னும் கல்யாணமாகாத தங்கச்சிங்க இருக்கு." அந்தப் பதிலில் மொத்த சீரியலும் இருக்கிறது. ஐந்து பெண்களைப் பெற்ற, மனைவி இல்லாத ஒரு மனுஷன். ஒருத்தி திரும்பி வந்தால் அடுத்தவளுக்கு வாசல் அடைபடும். அந்தக் கணக்கின் மேல்தான் இயக்குநர் திருமுருகன் எல்லாவற்றையும் கட்டினார். அவரே கோபியாக நடுவில் நின்று ஓடியாடி ஒட்டுப்போட்டார்.

இதை இன்றைக்கு எப்படி எடுப்பது? 'மெட்டி ஒலி' முடிந்தது 2005 அக்டோபரில். அதற்குச் சரியாக முந்தின மாதம், செப்டம்பர் 9-ஆம் தேதி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்கிற மத்தியச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. நம் மாநிலத்தில் 1989-லேயே பங்கு வந்துவிட்டது, ஆனால் அதற்கு முன்பே தாலி கட்டிக்கொண்டவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26. சரோ இன்னும் ஒரு வருஷம் தாங்கியிருந்தால் ராஜத்தின் மேல் மனு கொடுத்திருக்கலாம்! சட்டம் வந்ததும் மாமியார்கள் திருந்திவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பார்க்காத மருமகள்களா? ஆனால் பார்க்கிறவர்களுக்கு இன்று ஒரு கேள்வி கையில் இருக்கிறது. அதைக் கேட்காமல் பத்து எபிசோட் உட்கார மாட்டார்கள்.

செல்போன் வேறு. இன்கமிங் காலுக்குக் காசு இல்லை என்று ஆனதே 2003 மே மாதம்தான். அதுவரை வாங்கினவர்கள்கூட அடித்தால் எடுக்காமல், நம்பரைப் பார்த்துவிட்டு லேண்ட்லைனுக்கு ஓடுவார்கள். ஒரு பொய் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, அது பொய் என்று தெரியவர மூன்று வாரம் எடுக்கும். அந்த மூன்று வாரம்தான் சீரியல். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுவதற்குள் தீர்ந்துவிடும். ஒரு முடிகூட மாறக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள், ஐந்தாவது காரணத்தில். மாறாமல் எடுத்தால் முதலில் ரிமோட்டை எடுப்பது நீங்களாகத்தான் இருக்கும் அக்கா.

சரி, இரண்டாம் பாகம்? பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வேறு கதை சொல்வது? 'சித்தி' நினைவிருக்கும். 1999-இல் ஆரம்பித்தது. வைரமுத்து எழுதிய அந்த டைட்டில் பாட்டு கேட்டால் தெருவில் விளையாடுகிற பிள்ளைகள்கூட வீட்டுக்குள் ஓடிவரும். 2020 ஜனவரியில் 'சித்தி 2' வந்தபோது அதே சாரதா, அதே ராதிகா என்று ஆவலாக உட்கார்ந்தோம். அடுத்த வருஷம் பிப்ரவரியில் ராதிகா விலகிக்கொண்டார். சீரியல் அதன் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. தலைப்பில் சித்தி, கதையில் சித்தி இல்லை. அதற்கு நான் எந்தக் கார்டும் பார்க்கவில்லை. 'இவருக்குப் பதில்' என்று எழுதிவிட்டு அப்புறம் யார் பெயரைப் போடுவது?

'மெட்டி ஒலி'க்கு அதுவும் சுலபமில்லை. ஐந்து பெண்களில் விஜியாக வந்த உமா மகேஸ்வரி 2021 அக்டோபரில் போய்விட்டார். நாற்பதே வயது. செய்தி வந்த அன்று என் அக்கா எனக்கு போன் செய்து, "நம்ம விஜி செத்துப்போயிட்டாடி" என்றாள். அந்த "நம்ம"வுக்கு எந்தத் தயாரிப்பாளர் பதில் சொல்வார்? தனமும் சரோவும் லீலாவும் பவானியும் நடு வயதில் மறுபடி ஒரு கூடத்தில் கூடலாம். ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அதைக் காலியாகவே விட்டு எடுத்தால் நான் பார்ப்பேன் என்று நினைக்கிறேன். கார்டு போட்டு நிரப்பினால் துணி மடிக்கப் போய்விடுவேன்.

உங்கள் கடிதத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பதினொன்றையும் கேட்டாள். நாலாவதுக்கும் ஏழாவதுக்கும் தலையாட்டினாள். நீங்கள் டி.வி.யை விற்கிற இடத்தில் சிரித்தாள். அந்தக் காலத்துப் பெட்டி என்றால் பழைய இரும்புக்காரன்கூட எடுக்க மாட்டான் என்று சொல்லச் சொன்னாள். பிறகு கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். எடுக்கட்டுமா, வேண்டாமா, நீ சொல்லு என்று கேட்டேன்.

"எடுத்தா எடுக்கட்டும். அந்த ராஜம் வேஷத்துக்கு மட்டும் நல்ல ஆளாப் பார்த்துப் போடச் சொல்லு. மாமியா சரியில்லேன்னா அந்தப் பொண்ணு எவ்வளவு அழுதும் பிரயோஜனம் இல்ல."

இதைப் பன்னிரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை