கடைசிச் சொல்லை விழுங்காதே, தாயி

அன்புள்ள தாயி,

நீ அனுப்பிய கரிமூட்ட ஒலிச்சித்திரத்தைக் கேட்டு முடித்தேன். திருச்சுழியைத் தாண்டி நரிக்குடிப் பக்கம் சீமைக் கருவேலங்காட்டுக்குள் போய், கரி சுட மூட்டம் போடுகிறவர்களோடு ராவும் பகலும் இருந்து, அவர்கள் பேச்சை அவர்கள் வாயாலேயே பதிந்து வந்திருக்கிறாய். மைக்கை எங்கே வைப்பது, காற்று இரைச்சலை எப்படித் தடுப்பது, எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்று உனக்கு நான் பாடம் நடத்தப் போவதில்லை. என்னை உறுத்திய இடத்துக்கு நேரே வருகிறேன்.

பதினோராவது நிமிடத்தில் அவர்களில் ஒரு பாட்டி, மூட்டத்துக்குக் காவல் இருந்த கதையைச் சொல்கிறார். "விடியக்காலம் போயிப் பாத்தா ஒரு பக்கம் வெடிச்சுக் கெடக்கு. அம்புட்டுக் கட்டையும் சாம்பலாப் போயிருக்கும்னு நெனச்சேன்." இந்த இடத்தில் நீ பின்னணியில் போட்ட புல்லாங்குழல் மேலேறி வந்துவிட்டது. சோகமான குழல். அதோடு அந்தக் காட்சி முடிகிறது. அடுத்த காட்சியில் அதே பாட்டி உற்சாகமாய் மூட்டை எண்ணுகிறார். எல்லாம் சாம்பலாகிப் போனவர் எதை எண்ணுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பத் தள்ளி, காதில் ஒயரை மாட்டிக் கேட்டேன். குழலுக்கு அடியில் பாட்டி இன்னும் ஒரு சொல் சொல்கிறார்: "போகல."

அந்த ஒரு சொல்லில்தான் பாட்டியின் ஒரு மாத உழைப்பு தப்பிப் பிழைத்தது. நீ அதைக் குழலுக்கு அடியில் போட்டு மூடிவிட்டாய்.

நம் மொழியில் வினை கடைசியில் நிற்கிறது. வந்தது ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, நடந்ததா நடக்கப் போகிறதா, கேட்கிறாரா சொல்கிறாரா, ஒப்புக்கொள்கிறாரா மறுக்கிறாரா, எல்லாம் வாக்கியத்தின் வால்பகுதியில் இருக்கிறது. "போகலாம்", "போகலாமா", "போகலாம்னு பார்த்தேன்" மூன்றுக்கும் முன்பாதி ஒன்றுதான். தமிழ் கேட்கிறவன் முன்பாதியைத் தவறவிட்டாலும் ஊகித்துக்கொள்வான். பின்பாதியைத் தவறவிட்டால் அவனுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இன்றைக்கு மைக் முன்னால் வருகிற பிள்ளைகள் பத்துப் பேரில் எட்டுப் பேர் வாக்கியத்தை மலைமேல் ஆரம்பித்து, வினைமுற்று வரும்போது கிணற்றுக்குள் போய்விடுகிறார்கள். நீயும் அப்படித்தான் வாசிக்கிறாய். உன் வர்ணனையில் மூட்டத்துக்கு மண் பூசுகிற இடத்தைக் கேள். "பூசுவார்கள்" என்கிறாயா, "பூசினார்கள்" என்கிறாயா? எனக்குக் கேட்கவில்லை. எழுதும்போது வாக்கியத்தை நீளமாய் இழுத்துவிட்டாய். மூச்சு முக்கால் வழியில் தீர்ந்துவிட்டது. வாக்கியத்தைப் பாதியாக வெட்டு. வினைக்கு ஒரு விரற்கடை முன்னால் மூச்சை எடு. குரலைத் தாழ்த்த வேண்டுமென்றால் தாழ்த்து, ஆனால் சத்தத்தைத் தாழ்த்து, எழுத்தைத் தாழ்த்தாதே.

இதை நான் எந்த வானொலி நிலையத்திலும் படிக்கவில்லை. அருப்புக்கோட்டைத் தறிக்கூடத்தில் படித்தேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழித்தறி. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில், உத்தரத்தில் தொங்கும் டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலி பாடும். 1967-லேயே அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆகிவிட்டது. எங்களுக்கு என்றைக்கும் சிலோன் ரேடியோதான். கடல் தாண்டி வருகிற அலை. ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் இறங்கும். அலையும் இறங்கி, தறியும் அடிக்கிற அந்த நேரத்திலும் அறிவிப்பாளர் மயில்வாகனம் சொன்னது புரிந்தது, ராஜேஸ்வரி சண்முகம் சொன்னது புரிந்தது. கே.எஸ். ராஜா அத்தனை வேகத்தில் பேசினாலும் ஒரு வினைமுற்றும் உதிர்ந்து விழவில்லை. நெய்கிறவர்கள் தறியை நிறுத்தியதே இல்லை, தாயி. நிறுத்த வேண்டிய அவசியத்தை அந்த அறிவிப்பாளர்கள் வைக்கவில்லை. இன்றைக்கு உன் ஒலிச்சித்திரத்தைக் கேட்கப் போகிறவன் காரியாபட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். அவன் காதுக்கும் தறிக்கூடத்துக் காதுக்கும் வித்தியாசம் கிடையாது.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். பண்பலையில் அறிவிப்பாளர் வேலை ஒன்று, சென்னையில் ஒரு சீரியலுக்கு வசனத்தில் உதவி, தெரிந்த ஒருவர் மூலம் சினிமாவில் உதவி இயக்குநர். மூன்றில் எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறாய். நீ மானாவாரிக் காட்டுப் பிள்ளை. பருத்தி விதைக்கும்போது ஊடுபயிராய் உளுந்தையும் போடுகிறவர்கள் நாம்; மழை எதை வாழ வைக்கும் என்று ஐப்பசியில் யாருக்குத் தெரியும்? மூன்றையும் செய். நான் திருநெல்வேலி வானொலி நிலையத்தில் நாடகக் குரல் தேர்வில் தேறியவன். 1963-ல் வந்த நிலையம் அது. பக்கத்தில் மதுரைக்கு வானொலி நிலையம் வரும்வரை எங்கள் கரிசல் காட்டுக்கு அதுதான் தாய்வீடு. அப்புறம் சென்னையில் டப்பிங், அப்புறம் சீரியலில் வேடம், இடையில் ஒன்றிரண்டு படம். ஒன்று காய்ந்தபோது இன்னொன்று சோறு போட்டது. அலைகிறான், நிலையில்லாதவன் என்று ஊரில் பேசினார்கள். பேசட்டும்.

இப்படித் தாண்டிப் போனவன் நான் மட்டுமல்ல. பூர்ணம் விஸ்வநாதனை நீ 'வருஷம் 16'-இல் தாத்தாவாகப் பார்த்திருப்பாய், 'மகாநதி'யில் பார்த்திருப்பாய். அவர் டெல்லி அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். 1947 ஆகஸ்ட் 15 காலையில் நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. நினைத்துப் பார். அப்படிப்பட்ட ஒரு செய்தியில் வினைமுற்றை ஒருவர் விழுங்கினால், கிடைத்துவிட்டதா, கிடைக்கப் போகிறதா என்று கேட்கிறவன் தவித்துப் போவான். பிறகு சென்னை வந்து சுஜாதாவின் 'கடவுள் வந்திருந்தார்', 'ஊஞ்சல்' நாடகங்களை மேடையேற்றினார், சினிமாவில் நடித்தார். 'வருஷம் 16'-ஐக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேள். அந்தத் தாத்தா கோபப்படுகிறார், உடைந்து அழுகிறார்; அழுகையிலும் கடைசி எழுத்து உன் காதில் வந்து விழும். வானொலியில் போட்ட உரம் அது.

இன்னொருவர் பி.எச். அப்துல் ஹமீது. இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ், டி. ராஜகோபால், உபாலி செல்வசேகரன் ஆகியோரோடு அவர் நடித்த நகைச்சுவைத் தொடர் நாடகம் அங்கே அத்தனை பேர் வாயிலும் புழங்கியது. அதுவே 1976-ல் 'கோமாளிகள்' என்று படமானது. வானொலியில் ஓடிய நாடகம், அதே குரல்களோடு திரைக்குப் போனது. பிறகு 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியை அவர் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தபோது, முகத்தைப் பார்க்காமலேயே எங்கள் தெருப் பெண்கள் ஆளை அடையாளம் சொன்னார்கள். 'தெனாலி'யிலும் தலை காட்டினார். தென்கச்சி கோ. சுவாமிநாதன் வேளாண்மை படித்தவர். திருநெல்வேலி நிலையத்தில் விவசாயிகளுக்குப் பேசியவர். 'இன்று ஒரு தகவல்' அதற்கப்புறம் வந்தது, தொலைக்காட்சி அதற்கும் அப்புறம். சம்சாரிக்குப் புரியும்படி பூச்சிமருந்து அளவு சொல்லிப் பழகிய நாக்கு அது; கதையின் முடிச்சை எங்கே அவிழ்ப்பது என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஆர்சன் வெல்ஸும் இந்த வழியாகத்தான் வந்தார். 1938-ல் செவ்வாய்க் கிரகத்துப் படையெடுப்பை வானொலி நாடகமாக்கி, கேட்டவர்கள் சிலரைக் கலங்கடித்துவிட்டு, 1941-ல் 'சிட்டிசன் கேன்' எடுத்தார்; வானொலியில் தன்னோடு நடித்தவர்களையே படத்துக்கும் கூட்டிப் போனார். ஆகவே வானொலியைச் சின்ன வேலை என்று எவனாவது சொன்னால் காது கொடுக்காதே.

டப்பிங்கில் இந்தக் கடைசி எழுத்து இன்னும் பெரிய பாடு. இந்தித் தொடரைத் தமிழாக்கும்போது அவர்கள் வாக்கியம் 'ஹை' என்று வாய் திறந்தபடி முடியும். நம்முடையது 'வரும்', 'வேண்டும்', 'இருக்கும்' என்று உதடு மூடி முடியும். திரையில் இருக்கிறவன் வாய் பிளந்து நிற்க, நம் குரல் உதட்டை மூடினால் பார்க்கிறவனுக்குப் பொய் தெரிந்துவிடும். 'வரும்' என்று எழுதியிருப்பதை அந்த நிமிடத்தில் 'வந்துடுதே' என்று மாற்றத் தெரிந்தவனுக்குத்தான் அடுத்த நாள் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள். சீரியலில் வேறு தொல்லை. கேமராவுக்குக் கீழே ஒருவர் வசனத்தைப் படித்துக் கொடுப்பார். நடிகை அதைப் பிடித்துச் சொல்வார். நீ எழுதுகிற வசனத்தில் முக்கியமான சொல் எங்கே விழுகிறது என்று உனக்குத் தெரியாவிட்டால் அவர் எங்கே அழுத்துவார்?

குரல் இனிமை வேறு, கடைசிச் சொல் காதில் விழுவது வேறு. எம்.ஜி.ஆருக்கு 1967 ஜனவரியில் கழுத்தில் குண்டு பாய்ந்தது. அதற்குப் பிறகு அவர் குரல் பழையபடி திரும்பவில்லை. பத்து வருடம் கழித்து, 1977-ல் அருப்புக்கோட்டையில் நின்று ஜெயித்து முதலமைச்சரானார். கூட்டத்தின் ஓரத்தில் நின்று நான் கேட்டிருக்கிறேன். சொற்கள் நடுவில் குழறும். ஆனால் அவர் அவசரப்பட மாட்டார். வாக்கியம் முடியும்வரை மைக்கை விட்டு முகத்தைத் திருப்ப மாட்டார். பக்கத்தில் நின்ற கிழவி ஒவ்வொன்றுக்கும் 'ஆமா' போட்டுக்கொண்டிருந்தாள். எங்கே ஆமா போடுவது என்று அவளுக்குத் தெரிந்தது. கெட்டுப்போன தொண்டைக்கு இது முடியும் என்றால், உன் வெண்கலக் குரலுக்கு என்ன குறை?

இசைக்கு வருகிறேன். உன் ஒலிச்சித்திரத்தில் இருபத்திரண்டு நிமிடமும் ஏதோ ஒன்று பின்னால் வாசித்துக்கொண்டே இருக்கிறது. இதை என்னால் பொறுக்க முடியவில்லை. சினிமாக்காரன் வாசிக்கிறான், ரீல்ஸில் வாசிக்கிறார்கள், அதனால் நீயும் வாசிக்கிறாய். கருவேலங்காட்டில் ராத்திரி மூட்டத்துக்குப் பக்கத்தில் என்ன சத்தம் இருக்கும் என்று நகரத்தில் யாருக்குத் தெரியும்? உனக்குத் தெரியும், நீ அங்கே இருந்தாய். அதைக் கேட்கவிடாமல் காசு கொடுக்காமல் கிடைத்த ஒரு குழலை இழுத்து மூடியிருக்கிறாய். எங்கே அழ வேண்டும் என்று கேட்கிறவனுக்குக் குழல் சொல்லித்தர வேண்டியதில்லை. பாட்டி அழவே இல்லையே! ஆரம்பத்தில் வருகிற அந்த 'வானம் பார்த்த பூமி, வெடித்த நிலம்' வர்ணனையையும் வெட்டி எறி. நம் ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லோருக்கும் அந்த வெடிப்புதான் கண்ணில் படுகிறது. அருப்புக்கோட்டையைச் சுற்றி விடியுமுன் மல்லிகை எடுக்கிறார்கள், களத்தில் வத்தல் காய்கிறது. வெடிப்பு மட்டுமா ஊர்?

ஆனால் பதினேழாவது நிமிடத்துக்கு நான் உனக்குக் கடன்பட்டிருக்கிறேன். மூட்டம் வெந்ததா என்று எப்படித் தெரியும் என்று நீ கேட்கிறாய். பாட்டி புகையைச் சொல்கிறார்: முதலில் வெள்ளையாய், கனத்துப் போகும், கட்டையில் ஈரம் இருக்கு என்று அர்த்தம், நாள் போகப் போக மெலியும், நீலம் பாய்ந்தால் கரி விளைந்துவிட்டது, உடனே காற்றுப் போகிற துவாரத்தை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே தீப்பிடித்துச் சாம்பல்தான். இதைச் சொல்லும்போது அவர் நடுவில் நிறுத்துகிறார். எழுந்து போகிறார். மண்வெட்டியால் மண்ணைக் கோரிப் போடுகிற சத்தம் கேட்கிறது, ரெண்டு தட்டு தட்டுகிறார், திரும்பி வந்து மூச்சு வாங்கியபடி விட்ட இடத்திலிருந்து பேசுகிறார். நீ அதை வெட்டவில்லை. வேறு யாராக இருந்தாலும் வெட்டியிருப்பார்கள். கண்ணுக்கு மட்டுமே சொந்தமான நிறத்தைக் காதுக்குக் கொண்டுவந்து, மூட்டத்தின் வெடிப்பை அடைக்கிற வேலையையும் அதே மூச்சில் காட்டிவிட்டாய். நான் வேலை பார்த்த காலம் முழுக்க, எத்தனையோ பெரியவர்களின் நாடகங்களில் நின்றிருக்கிறேன். இப்படி ஓர் இடத்தை ஒலிபரப்பில் கேட்டதில்லை. அந்த இடத்தில் நீ என்னைவிடப் பெரியவள். இதை நான் யார் முன்னாலும் சொல்வேன்.

சென்னைக்குப் போ. சீரியல் வேலையை ஒப்புக்கொள்; கூலியை எழுத்தில் வாங்கிக்கொண்டு உட்கார். ஒரு தயாரிப்பாளரின் வாய்வார்த்தையை நம்பி வேலை பார்த்த நாங்கள் பல பேர் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறோம். டப்பிங்குக்குக் கூப்பிட்டால் சங்க அட்டையை முதலில் எடு, கடன் வாங்கியாவது எடு. வானொலி நாடகக் குரல் தேர்வுக்கு விண்ணப்பிக்கவும் மறக்காதே.

போவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. குழலை எடுத்துவிட்டு, அந்த "போகல"வுக்கு முன்னும் பின்னும் இடம் விட்டு, புதிதாக ஒரு பிரதி எடு. அதை எனக்கு அனுப்பும் முன் காட்டுக்கு எடுத்துப் போய் அந்தப் பாட்டிக்குப் போட்டுக் காட்டு. நான் சொன்னது இதுதான் என்று அவர் சொன்னால் வெளியிடு.

அன்புடன்,
உன் பெரியப்பா
அருப்புக்கோட்டை