ஆனர்ஸ் பட்டமும் 300 மில்லி பாட்டிலும்

சுற்றுச்சூழல் அறிவியலில் ஆனர்ஸ் சேரலாமா என்று வடசென்னைப் பிள்ளைகள் யாராவது கேட்டால், நான் ஒரு கேள்வியைத் திருப்பிப் போடுவேன். "மாடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியை உதறினால் என்ன கொட்டுகிறது?" சாம்பலா, நிலக்கரித் தூளா, கன்டெய்னர் லாரி கிளப்பிய புழுதியா என்று பிரித்துச் சொல்கிறவருக்குப் பாதி சிலபஸ் வீட்டிலேயே முடிந்துவிட்டது. ராயபுரத்துக்காரர் நிலக்கரித் தூள் என்றால் அது பெரும்பாலும் அப்பா அம்மா சொன்ன கதை. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்று, சரக்கு எண்ணூருக்குப் போய்விட்டது. எண்ணூர்க்காரர் சொன்னால் அது இன்று காலைச் செய்தி.

இந்த வித்தியாசம் தெரிவதுதான் உங்கள் மூலதனம். டெல்லியிலும் கோவையிலும் இதே பட்டத்தை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் உங்களோடு போட்டிக்கு நிற்பார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் சரளமாக வரும், பிரசன்டேஷன் பளபளக்கும். ஆனால் அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, துறைமுகம், குப்பைமேடு, முகத்துவாரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் சைக்கிளில் சுற்றிவரும் ஊர் அவர்களுக்கு வாய்க்கவில்லை. இதைக் காசாக்குவது எப்படி என்று பார்ப்போம்.

1. 'ஆனர்ஸ்' மயக்கம் முதலில் தெளியட்டும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஆனர்ஸ் என்றால் பச்சையப்பனில் பி.ஏ. ஆனர்ஸ் படித்த அண்ணா ஞாபகம் வரும். இப்போதைய ஆனர்ஸ் வேறு. யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட திட்டப்படி மூன்று வருடம், 120 கிரெடிட் முடித்தால் வழக்கமான பட்டம். நான்கு வருடம், 160 கிரெடிட் முடித்தால் ஆனர்ஸ். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நான்காம் வருடத்தை ஆராய்ச்சியோடு படிக்கலாம். இந்தத் திட்டம் பிறந்த புதிய கல்விக் கொள்கையைத் தமிழக அரசு ஏற்கவில்லை. அதனால் இங்கே அரசுக் கல்லூரிகளில் மூன்று வருட பி.எஸ்ஸி.தான் வழக்கம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் ஆனர்ஸ் இருக்கிறது, சி.யு.இ.டி. நுழைவுத் தேர்வு எழுதிப் போகலாம். ஹாஸ்டல், ரயில் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பணம் இடிக்கிறதா? பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியிலோ பாரதி மகளிர் கல்லூரியிலோ கெமிஸ்ட்ரி படியுங்கள். எம்.எஸ்ஸி.க்குப் பாரதியார் பல்கலைக்கழகமோ புதுவைப் பல்கலைக்கழகமோ போய் சுற்றுச்சூழலுக்கு மாறிக்கொள்ளலாம். நேர்மையாகச் சொன்னால் எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். லேபில் இன்டர்வியூ எடுக்கிறவர் முதலில் தட்டிப் பார்ப்பது கெமிஸ்ட்ரியைத்தான். இன்னொன்று: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பதவிக்கு எம்.எஸ்ஸி. கேட்கிறார்கள், உதவிப் பொறியாளருக்கு இன்ஜினியரிங். வெறும் பி.எஸ்ஸி.யோடு வாரியத்து வாசலில் நிற்க வேண்டாம்.

2. பாட்டிலைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

ரெஸ்யூமேயில் எல்லோரும் 'வாட்டர் குவாலிட்டி அனாலிசிஸ்' என்று எழுதுகிறார்கள். "டி.ஓ. (கரைந்த ஆக்சிஜன்) சாம்பிள் எப்படி எடுப்பாய்?" என்று நான் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் புத்தகத்தை ஒப்பிக்கிறார்கள். செய்தவர் சொல்வது வேறு மாதிரி இருக்கும். 300 மில்லி பாட்டிலைத் தண்ணீருக்குள் சாய்த்து முக்க வேண்டும். குமிழி ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. அங்கேயே, கரையிலேயே, மாங்கனஸ் சல்பேட்டும் ஆல்கலி அயோடைடும் விட்டு மூடிக் கவிழ்த்துக் குலுக்க வேண்டும். பழுப்பாகத் திரிந்து படிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகப் படிந்தால் ஒன்றுமே இல்லை.

நான் முதல் தடவை குலுக்கியது பக்கிங்காம் கால்வாய்க் கரையில். வெள்ளை. ரீஏஜென்ட் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டாவது பாட்டில் எடுத்தேன். அதுவும் வெள்ளை. பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர், "தம்பி, அதுல மீன் செத்து வருஷமாச்சு, நீ பாட்டில மாத்தி என்ன பண்ணப்போற" என்றார். இன்டர்வியூவில் இந்தக் கதையைச் சொன்னேன், வேலை கிடைத்தது.

பி.ஓ.டி. (உயிரிய ஆக்சிஜன் தேவை) டெஸ்ட் என்றால் நம் நாட்டு முறையில் மூன்று நாள், 27 டிகிரி. வெளிநாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஐந்து நாள், 20 டிகிரி என்று சொல்லி மாட்டிக்கொள்கிறவர்கள் வருடா வருடம் வருகிறார்கள். சி.ஓ.டி., பி.எச்., காற்றுக்கு ரெஸ்பிரபிள் டஸ்ட் சாம்ப்ளர், ஃபில்டர் பேப்பரை ஈரம் போக்கி முன்னும் பின்னும் எடை போடுவது: இவ்வளவும் கைப்பழக்கமாக வேண்டும். இரண்டாம் வருட லீவில் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள ஒரு லேபில் சம்பளம் கேட்காமல் போய் நில்லுங்கள். மூன்றாம் வருடம் சம்பளம் கேளுங்கள்.

3. ஒருநாளும் உட்கார்ந்த இடத்தில் ரீடிங் போடாதீர்கள்.

ஒழுக்கப் பாடம் நடத்தவில்லை, உங்கள் பிழைப்புக்காகச் சொல்கிறேன். நான் ஆரம்பத்தில் வேலை பார்த்த ஒரு லேபில், எண்ணூர் ஸ்டேஷன் ஒன்றின் காற்று ரிஜிஸ்டரில் 2016 டிசம்பர் 12-ஆம் தேதிக்கும் பி.எம். 10 அளவு அழகாக எழுதியிருந்தது. ஆடிட்டுக்கு வந்த அம்மா விரலை வைத்து நிறுத்தினார். "வர்தா புயல் அன்னைக்கு உங்க மாடியில மட்டும் கரண்ட் இருந்துச்சா?" கையெழுத்து போட்ட ஜூனியருக்குத்தான் வேலை போனது. எழுதச் சொன்னவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கையெழுத்து யாருடையதோ தலையும் அவருடையது. மெஷின் ஓடவில்லை என்றால் 'ஓடவில்லை, மின்தடை' என்று எழுதி, நேரம் போட்டு, போட்டோ எடுத்து வையுங்கள்.

4. காலண்டர் தெரிந்தவருக்கே வேலை.

தொழிற்சாலைகள் உங்களை வேலைக்கு எடுப்பது பூமியைக் காப்பாற்ற அல்ல, பேப்பரைச் சரியாக வைத்துக்கொள்ள. 1974 தண்ணீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம், 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 2006 இ.ஐ.ஏ. (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு) அறிவிக்கை. இந்த நான்கும் நுனி நாக்கில் இருக்கட்டும். ஆலை கட்டுவதற்கு ஒரு கன்சென்ட், ஓட்டுவதற்கு ஒரு கன்சென்ட். இ.ஐ.ஏ. அனுமதி வாங்கியவர்கள் அரையாண்டு இணக்க அறிக்கையை ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் கொடுக்க வேண்டும். வருடாந்தர சுற்றுச்சூழல் அறிக்கைக்குக் கெடு செப்டம்பர் 30. அப்படியானால் கன்சல்டன்சிகளுக்கு ஆள் எப்போது தேவைப்படும்? மே மாதமும் நவம்பர் மாதமும். ரெஸ்யூமேயை அப்போது அனுப்புங்கள், ஜனவரியில் அனுப்பினால் குப்பைக்குத்தான் போகும்.

ஹோம்வொர்க் ஒன்று தருகிறேன். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஆலை ஒன்றின் அனுமதிக் கடிதத்தை எடுங்கள். பத்து நிபந்தனைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் நேரில் எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று ஒரு டேபிள் போடுங்கள். பிரின்ட் எடுத்து இன்டர்வியூவுக்குக் கொண்டுபோங்கள். கோல்டு மெடல் வாங்கியவரும் இதைச் செய்துகொண்டு வரமாட்டார்.

5. உங்கள் ஊர் விபத்துகளைப் பாடமாகப் படியுங்கள்.

2017 ஜனவரி 28, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அதைக் கரையில் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். ஆலையிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை முகத்துவாரத்தில் படர்ந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நடுராத்திரி, பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஜனங்கள் வீட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

மூன்றுக்கும் தலா இரண்டு பக்கம் எழுதுங்கள். எது, எங்கிருந்து, எந்த வழியாக, யாருக்கு எப்போது சொல்லப்பட்டது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது. உத்தரவுகளைக் காசில்லாமல் படிக்கலாம். இ.எச்.எஸ். (சுற்றுச்சூழல், சுகாதாரம், பாதுகாப்பு) இன்டர்வியூவில் "அமோனியா லீக் ஆனால் முதல் ஐந்து நிமிடம் என்ன செய்வாய்?" என்று கேட்பார்கள். "காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விண்ட் சாக்கைப் பார்ப்பேன், காற்றுக்குக் குறுக்காக வெளியேறச் சொல்வேன், அமோனியா தண்ணீரில் கரையும் என்பதால் முகத்தில் ஈரத்துணி கட்டச் சொல்வேன், பக்கத்துக் குப்பத்துக்குச் சைரன் கேட்கிறதா என்று முன்கூட்டியே சோதித்திருப்பேன்." கடைசி வாக்கியத்தில்தான் மார்க் இருக்கிறது.

6. மேப்.

கியூ.ஜி.ஐ.எஸ். இலவசம். கூகுள் எர்த்தில் வருடங்களைப் பின்னோக்கித் தள்ளி, செப்பாக்கத்தைச் சுற்றிய சாம்பல் குளம் எப்படி வளர்ந்தது என்று கோடு போட்டுப் பழகுங்கள். எண்ணூர் கழிமுகம் 1996 கடற்கரை மேப்பில் எங்கே இருந்தது என்று வருடக்கணக்கில் வழக்கு நடந்த ஊர் இது. இங்கே மேப் தெரிந்தவருக்கு மவுசு குறையாது.

7. தமிழை விலை பேசுங்கள்.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்னால் இ.ஐ.ஏ. சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் கொடுக்க வேண்டும், குறைந்தது 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். அந்தத் தமிழ்ச் சுருக்கங்களைப் படித்திருக்கிறீர்களா? அதை மொழிபெயர்த்தவரே திரும்பப் படித்தால் புரியாது. 'காக்கா ஆழி' என்றால் எண்ணூர் ஆற்றுப் படுகையை மூடிக்கொண்டு இறாலைக் கெடுக்கிற அந்நிய மட்டி என்று தெரிந்தவர், 'பாடு' என்றால் முறை வைத்து வலை போடுவது என்று தெரிந்தவர், அதைத் திருத்தமாக எழுதவும் தெரிந்தவர் எத்தனை பேர்? கன்சல்டன்சியில் சோஷியோ-எகனாமிக் சர்வேக்குக் குப்பத்துக்குள் போக ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள். அந்த ஆள் நீங்கள் என்று சொல்லி ரேட் பேசுங்கள்.

கூட்டம் நடந்தால் கண்டிப்பாகப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். மேடையில் கம்பெனிக்காரர், கீழே மீனவர், ஓரத்தில் கன்சல்டன்ட், கேமராவோடு அதிகாரி. உங்கள் வருங்கால முதலாளி அந்த நான்கு பேரில் ஒருவர்.

8. யார் பக்கம் என்று வீட்டில் கேட்பார்கள்.

"நம்ம மூச்ச அடைக்கிற கம்பெனிக்கே வேலைக்குப் போறியா?" என்று அத்தை கேட்பார். இதற்கு என்னிடம் அழகான பதில் கிடையாது. உள்ளே போனால் புகைபோக்கிக்குக் கீழே நிற்பீர்கள், வெளியே நின்றால் சம்பளம் குறையும். நான் பன்னிரண்டு வருடம் உள்ளே இருந்தேன். சில கழிவுக் குழாய்களை மூடவைக்க முடிந்தது, பலதை முடியவில்லை. ஆனால் ஒன்று: இன்டர்வியூவில் ஆலையைத் திட்டாதீர்கள், ஊரில் ஆலைக்கு வக்காலத்து வாங்காதீர்கள். இரண்டு இடத்திலும் நம்பரை மட்டும் பேசுங்கள்.

9. பரீட்சைகள்.

கேட் (GATE) தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியலுக்குத் தனித் தாள் இருக்கிறது. யு.ஜி.சி. நெட்டிலும் பாடம் உண்டு. நான்கு வருடப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்கள் 2024 முதல் நேரடியாக எழுதலாம். நான்காம் வருடம் செலவழிக்க எனக்குத் தெரிந்த ஒரே உருப்படியான காரணம் இதுதான். சேஃப்டி ஆபீசர் ஆசை இருந்தால் இண்டஸ்ட்ரியல் சேஃப்டி டிப்ளமோ தனியாக முடிக்க வேண்டும்.

முதல் சாம்ப்ளிங் நாளுக்கு: கையுறை இரண்டு ஜோடி, அழியாத மார்க்கர், ஐஸ் பெட்டி, குடிக்கத் தண்ணீர், தலைக்குத் துண்டு. மாற்றுச் சட்டையும் ஒன்று பையில் இருக்கட்டும். சாயங்காலம் விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்துவார். கால்வாயின் வாசனை ஏ.சி. பெட்டியில் நந்தனம் வரை கூடவே வரும்.