அம்மாவின் நாடியும் சித்தப்பாவின் மாத்திரையும்

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று அம்மா ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயது 58. வாயுத் தொல்லை என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தோம். பக்கத்து கிளினிக்கிலும் வாயுவுக்குத்தான் மாத்திரை கொடுத்தார்கள்.

ஊரிலிருந்து வந்த அத்தை, ஓய்வுபெற்ற நர்ஸ். அம்மாவின் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினார். “அண்ணி, நாடி சீரா இல்லையே. ரெண்டு துடிப்பு ஒட்டி வருது, அப்புறம் ஒண்ணு தள்ளிப் போகுது. நாளைக்கே ஈசிஜி எடுத்துடலாம்.”

ஈசிஜி சொன்ன பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் சேர்ந்து சுருங்காமல், நிமிடத்துக்கு 350 முதல் 600 தடவை வரை வெறுமனே நடுங்கும். அதில் சில அலைகள் மட்டும், அதுவும் ஒழுங்கில்லாமல், கீழறைகளுக்கு இறங்கும். நாடி தாறுமாறாவது அதனால்தான். இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

பெயர் தெரிந்துவிட்டது, மாத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்றிருந்தோம். இதய மருத்துவர் விடவில்லை. பிரஷர், தைராய்டு, எக்கோ எல்லாம் பார்க்கச் சொன்னார். இந்த நடுக்கம் பெரும்பாலும் தனியாக வருவதில்லையாம். சின்ன வயதில் காய்ச்சலோடு மூட்டு வீங்கியதுண்டா என்றும் கேட்டார். அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. 11 வயதில் முதலில் முழங்கால், பிறகு கணுக்கால். ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை.

அது ருமாட்டிக் காய்ச்சல். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப்புண் வரும்போது, கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடம்பு சிலருக்கு இதய வால்வையும் தாக்கிவிடுகிறது. நாற்பது வருஷத்துக்கும் மேல் கழித்து, மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பதை எக்கோ காட்டியது. வாசல் குறுகியதால் ரத்தம் பின்தேங்கி, மேலறை வீங்கி, சுவரில் தழும்பேறி, மின்னோட்டம் தடம் மாறியிருக்கிறது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1978-இல் வெளியிட்ட கணக்கு எங்களை உலுக்கிவிட்டது: வால்வு நோயில்லாமல் இந்த நடுக்கம் வந்தால் பக்கவாத ஆபத்து 5 மடங்குக்கு மேல், ருமாட்டிக் வால்வு நோயும் சேர்ந்தால் 17 மடங்கு.

சித்தப்பாவுக்கும் இதே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான். ஆனால் காரணம் பல வருஷத்து பிரஷர். ரத்தம் உறையாமலிருக்க அவர் சாப்பிடுவது ரிவராக்ஸபான். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்யும் வேலை இல்லை. அம்மாவுக்கோ அதே வேலைக்கு வார்ஃபரின், ஐஎன்ஆர் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். “எனக்கும் அந்த மாத்திரையையே கேட்டு வாங்கிக் குடேன், ஊசி குத்தாம இருக்கலாம்” என்று அம்மா கெஞ்சியபோது மனசு இளகியது உண்மை. மருத்துவர் இன்விக்டஸ் ஆய்வைச் சொன்னார். ருமாட்டிக் இதய நோயோடு இந்த நடுக்கமும் உள்ள 4,500-க்கும் மேற்பட்டவர்களை 24 நாடுகளில் கவனித்து 2022-இல் வெளியான ஆய்வு. ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் இறப்பு குறைவு. பெயர் ஒன்று என்பதற்காக ஒருவர் மாத்திரையை இன்னொருவர் சாப்பிடக் கூடாது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

அதன்பின் கற்றவை சமையலறையில். கீரையில் வைட்டமின் கே அதிகம், வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கும். அதற்காகக் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை; வாரத்துக்கு இத்தனை நாள் என்று ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். முழங்கால் வலிக்குக் கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரை ஆபத்து, ரத்தக்கசிவு வரலாம். பல் பிடுங்கப் போனாலும் வார்ஃபரின் சாப்பிடுவதை முதலில் சொல்லிவிட வேண்டும். காலையில் எடை பார்ப்பதும் வழக்கமாயிற்று. நாடி வேகமாகவே ஓடிக்கொண்டிருந்தால் இதயம் பலவீனமாகும், பலவீனமான இதயத்தில் நடுக்கம் இன்னும் கூடும். அப்போது உடம்பில் நீர் தேங்கும். அதனால் இரண்டு மூன்று நாளில் எடை ஏறி, காலும் வீங்கினால் அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருப்பதில்லை.

போன மாதம் ஐஎன்ஆர் 2.4. பேத்திக்குத் தொண்டை வலி என்றால் அம்மா இப்போது கஷாயத்தோடு நிறுத்துவதில்லை. டாக்டரிடம் அழைத்துப் போகிறார். அவர் ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தால் கடைசி வேளை வரை எண்ணிக் கொடுக்கிறார்.