தலைச்சொல்லைத் தேடுவோம்: ஆங்கிலப் பெயர்த்தொடர் பற்றிய ஒரு பாடம்



கோப்பாய்ப் பகுதியில் மாதர் சங்கமொன்றின் கூட்டத்தில் சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் கேட்டறிந்த ஒரு சம்பவத்துடன் இப்பாடத்தைத் தொடங்குகின்றோம். சங்க அங்கத்தவர் ஒருவருக்கு அலுவலகம் ஒன்றிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்திருந்தது. வாசித்துச் சொல்ல வீட்டில் மகன் இருந்தான். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலப் பாடத்தில் சித்தியடைந்தவன். கடிதம் கேட்டது இதுதான்: ‘அ சேர்ட்டிஃபைட் கொப்பி ஒஃப் த டீட் ஒஃப் த லேண்ட்’. மகனுக்கு ஒவ்வொரு சொல்லும் தெரியும். டீட் என்றால் உறுதி. லேண்ட் என்றால் காணி. “அத்தாட்சிப்படுத்தின காணி உறுதியைக் கேக்கினம் அம்மா” என்று சொல்லிவிட்டான். தாய் மூல உறுதியையே கொண்டுபோய்க் கொடுத்தார். அலுவலகம் கேட்டதோ அதன் பிரதியை மாத்திரமே. கோவைகளுக்குள் கலந்துபோன அந்த உறுதியை மீளப் பெறுவதற்கு அவர் பல மாதங்கள் அலைய வேண்டியதாயிற்று. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில், மற்றெல்லாவற்றையும் விட்டுவிட்டு மடியிலே கட்டிக்கொண்டு போன கடதாசி அது.

மகன் படிக்காதவன் அல்லன். சொற்களை அறிந்திருந்தான்; அச்சொற்களுள் எது தலைமை தாங்குகின்றது என்பதை அறிந்திருக்கவில்லை. இன்றைய பாடம் அந்த ஒரு விடயத்தைப் பற்றியதே.

தமிழிலே கடிதத் தொடர்பு கொள்ளவும் பதில் பெறவும் எமக்கு உரிமை உண்டு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் நிருவாக மொழி பற்றிய உரிமைகளை விரிவாக்கியது. இவ்வுரிமையை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆயினும் கடன் ஒப்பந்தம், உதவி நிறுவனத்தின் திட்ட அறிக்கை, நீரிறைக்கும் இயந்திரத்தின் கைநூல், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் பத்திரங்கள் என்பன ஆங்கிலத்திலும் எமது படலைக்கு வந்து சேர்கின்றன. கையொப்பமிடுமுன் அவற்றை விளங்கிக்கொள்வது எமது கடமை.

ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் கூட்டத்தில் இருந்து கேட்டுப் பயிலவேண்டும் என்பதற்காக, உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகின்றோம். ஒருவர் உரத்துச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்லலாம்.

பெயர்த்தொடர் என்றால் என்ன?

ஒரு பெயர்ச்சொல் நிற்கும் இடத்திலே பல சொற்கள் கூட்டமாக நின்று அதே வேலையைச் செய்தால், அக்கூட்டமே பெயர்த்தொடர். அதைச் சோதிக்க இலகுவான வழி ஒன்று உண்டு. அந்தக் கூட்டம் முழுவதையும் எடுத்துவிட்டு ‘அது’, ‘அவர்’, ‘அவை’ என்ற ஒரு சொல்லை வைத்துப் பாருங்கள். வசனம் பிழையின்றி நின்றால் அது பெயர்த்தொடர். “கோயிலுக்குப் பக்கத்திலுள்ள ஆழமான பழைய கிணறு வற்றிவிட்டது” என்பதை “அது வற்றிவிட்டது” என்று சொல்லலாம் அல்லவா? ஆகவே ‘கோயிலுக்குப் பக்கத்திலுள்ள ஆழமான பழைய கிணறு’ என்பது முழுவதும் ஒரு பெயர்த்தொடர். அதில் ‘கிணறு’ என்பதே தலைச்சொல். மற்றவை அதற்குத் துணை நிற்பவை.

தமிழில் தலைச்சொல் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். கடைசியில் நிற்கிறது. பண்பு, இடம், உடைமை, செயல் எதைச் சொன்னாலும் அது முன்னே வரும். தலைச்சொல் பின்னே வரும். ‘நேற்று வந்த உத்தியோகத்தர்’ என்பதில் ‘வந்த’ என்ற பெயரெச்சமும் முன்னேதான் நிற்கிறது. ஆகவே கடைசிப் பெயரே முக்கியமானது என்று எமது காது சிறுவயதிலிருந்தே பழகிவிட்டது.

ஆங்கிலம் அப்படியல்ல. மேற்சொன்ன தொடரின் சுருங்கிய வடிவம் ஆங்கிலத்தில் ‘த ஓல்ட் வெல் நியர் த சேர்ச்’ என்று வரும். கிணறு என்னும் ‘வெல்’ நடுவிலே நிற்கிறது. கடைசியில் நிற்பது கோயில். தமிழ்க் காதோடு வாசிப்பவர் கோயிலைப் பிடித்துக்கொண்டு கிணற்றை விட்டுவிடுவார். அந்த மகன் செய்த பிழையும் இதுவே.

தலைக்கு முன்னே வருபவை

முதலில் வருபவை ‘த’, ‘அ’, ‘திஸ்’, ‘மை’, ‘எவ்ரி’ போன்ற சிறு சொற்கள். இவை வளவின் படலை போன்றவை. பெரும்பாலும் இங்கேதான் தொடர் தொடங்குகிறது என்று காட்டும். அடுத்து எண், அதன்பின் பண்பு, அதன்பின் சில வேளை இன்னொரு பெயர்ச்சொல். ‘த டூ நியூ வோட்டர் பம்ப்ஸ்’ என்பது அந்த இரண்டு புதிய நீர்ப் பம்பிகள். தலைச்சொல் ‘பம்ப்ஸ்’.

இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வந்தால் பிந்தியதே தலை. ‘வெல் வோட்டர்’ என்றால் கிணற்று நீர். ‘வோட்டர் டேங்க்’ என்றால் நீர்த்தாங்கி. இந்த இடத்திலே ஆங்கிலமும் தமிழும் ஒரே வழியில் நடக்கின்றன; எமது காது எமக்கு உதவுகிறது.

தலைக்குப் பின்னே வருபவை

தடுமாற்றம் தொடங்குவது இங்கேதான். தலைக்குப் பின்னே ‘ஒஃப்’, ‘இன்’, ‘ஃபோர்’, ‘நியர்’, ‘வித்’ போன்ற சொல்லோடு ஒரு விளக்கம் வரலாம். ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ என்று தொடங்கும் வாக்கியம் வரலாம்: ‘த ஒஃபிசர் ஹூ கேம் யெஸ்டர்டே’ என்பது நேற்று வந்த உத்தியோகத்தர். ‘டு’ என்ற சொல்லோடு ஒரு வினையும் வரலாம்: ‘த ரைட் டு யூஸ் த வெல்’ என்பது கிணற்றைப் பயன்படுத்தும் உரிமை.

இந்தக் கடைசி உதாரணத்தைச் சற்று நின்று யோசியுங்கள். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத எமது குடாநாட்டிலே கிணறுதான் உயிர். யாழ்ப்பாணத்து உறுதிகளிலே கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும் தனியாகக் குறிக்கப்படுவதை வாசகர்கள் அறிவர். ‘அ ஷெயார் ஒஃப் த வெல்’ என்றால் கிணற்றில் ஒரு பங்கு. ‘த ரைட் டு யூஸ் த வெல்’ என்றால் பயன்படுத்தும் உரிமை. இரண்டு தொடர்களும் ‘வெல்’ என்றே முடிகின்றன. ஆனால் முதலாவதன் தலை பங்கு, இரண்டாவதன் தலை உரிமை. பங்குக்காரரும் பாவனைக்காரரும் ஒன்றல்லர். தலைச்சொல் மாறினால் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் முதுசமும் மாறிவிடும்.

அதேபோல ‘அ லோன் ஃபோர் த ரிப்பெயர் ஒஃப் வெல்ஸ்’ என்றால் கிணறுகளைத் திருத்துவதற்கான கடன். ‘அ கிராண்ட் ஃபோர் த ரிப்பெயர் ஒஃப் வெல்ஸ்’ என்றால் அதே வேலைக்கான நன்கொடை. முதலாவதைத் திருப்பிக் கட்ட வேண்டும். வேறுபாடு தலைச்சொல்லில் மாத்திரமே இருக்கிறது.

கண்டுபிடிக்கும் வழி

1. படலைச் சொல்லைத் தேடி, தொடர் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்.
2. அங்கிருந்து முன்னே சென்று, முதலாவதாக வரும் ‘ஒஃப்’, ‘ஃபோர்’, ‘இன்’, ‘ஹூ’, ‘விச்’, ‘டு’ போன்ற சொல்லின் முன்னே ஒரு கோடு போடுங்கள்.
3. கோட்டுக்குச் சற்று முன்னே நிற்கும் பெயரே தலைச்சொல். அதன் கீழே கோடிடுங்கள். இணைக்கும் சொல் எதுவும் இல்லாவிட்டால் கடைசிப் பெயரே தலை.
4. தமிழில் சொல்லும்போது கோட்டுக்குப் பின்னே உள்ளவற்றைக் கடைசியிலிருந்து சொல்லிக்கொண்டு வந்து, தலைச்சொல்லில் முடியுங்கள்.

கடிதத் தொடருக்கு இதைப் பிரயோகிப்போம். முதலாவது ‘ஒஃப்’ ‘கொப்பி’க்குப் பின்னே வருகிறது. ஆகவே தலை ‘கொப்பி’. பின்னிருந்து சொன்னால்: காணியின், உறுதியின், அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிரதி.

வினைச்சொல்லும் பெரும்பாலும் தலைச்சொல்லையே பின்பற்றும். ‘த லிஸ்ட் ஒஃப் த மெம்பர்ஸ் இஸ் ரெடி’ என்பதே சரி. அங்கத்தவர்கள் பலராயினும் பட்டியல் ஒன்று. ஆனால் ‘அ லொட் ஒஃப் பீப்பிள்’ போன்ற சில தொடர்கள் இவ்விதிக்கு விலக்கு. அங்கே ‘ஆர்’ என்றே வரும். மேலும் ‘லேண்ட்லெஸ் ஃபார்மர்ஸ் அண்ட் ஃபிஷர்மென்’ என்று இருந்தால், நிலமற்றவர்கள் விவசாயிகள் மட்டுமா, மீனவர்களுமா என்ற ஐயம் எழும். “நிலமற்ற விவசாயிகளும் மீனவர்களும்” என்ற தமிழிலும் அதே ஐயம் உண்டு. இத்தகைய இடத்தில் ஊகிக்காமல் எழுத்திலே விளக்கம் கேளுங்கள்.

எம் மண்ணின் முன்மாதிரி

இரு மொழி இலக்கணத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது எமக்குப் புதிதன்று. எமக்கு அயலிலுள்ள சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1823இல் தொடங்கப்பட்ட வட்டுக்கோட்டை செமினரியிலே ஆங்கிலம் வழியாகப் பயின்றவர். கோப்பாயில் சிறிது காலம் ஆசிரியராகவும் இருந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவரான அவரே 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அச்சேற்றினார். ஆங்கிலம் படித்ததனால் அவர் தமிழை இழக்கவில்லை. ஆசிரிய கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் அமைந்துள்ள இன்றைய கோப்பாயிலே, கற்றவர்கள் மாதமொரு மாலையைத் தங்கள் ஊர்ச் சங்கத்துக்கு ஒதுக்கினால் இப்பாடம் எல்லா வீடுகளையும் சென்றடையும்.

பயிற்சி

தலைச்சொல்லைக் கண்டுபிடித்துத் தமிழில் கூறுக.

1. த மீட்டிங் ஒஃப் த ஃபார்மர்ஸ்
2. த டேட் ஃபோர் த ரிட்டேர்ன் ஒஃப் த லோன்
3. த ஸ்கூல் கேட் கீ
4. த வுமன் ஹூ லொஸ்ட் ஹேர் டீட்

விடைகள்: 1. ‘மீட்டிங்’ – விவசாயிகளின் கூட்டம். 2. ‘டேட்’ – கடனைத் திருப்பிச் செலுத்தும் திகதி. 3. ‘கீ’ – பாடசாலைப் படலைத் திறப்பு. 4. ‘வுமன்’ – தனது உறுதியைத் தொலைத்த பெண்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டிலுள்ள ஆங்கிலக் கடிதம் ஒன்றைக் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு தலைச்சொல்லின் கீழும் எல்லோருமாகக் கோடிடுவோம். விளங்காத கடிதத்துக்குத் தமிழில் விளக்கம் கேட்போம். எது கேட்கப்படுகிறது என்று தெளிவாகும்வரை மூலப் பத்திரத்தைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்காதிருப்போம். அந்தத் தாய்க்கு உறுதி ஒருவாறு திரும்பக் கிடைத்தது. இனி ஒருவர் அவ்வாறு அலையக் கூடாது என்பதற்காகவே இதனை எழுதினோம்.