ரெண்டு பிரவுசர் வச்சுக்கோ, தங்கச்சி

குரோமா, ஃபயர்பாக்ஸா, எட்ஜா, எது நல்லதுன்னு தேடிக்கிட்டே இருக்காதே. ரெண்டை வச்சுக்கோ. ஒண்ணு பணத்துக்கும் விசா வேலைக்கும், இன்னொண்ணு மத்த எல்லாத்துக்கும். ஜெர்சி சிட்டிக்குப் புதுசா வர்ற எல்லாருக்கும் நான் முதல்ல சொல்றது இதுதான்.

ஏன்னா இங்க நம்ம பிழைப்புல பாதி பிரவுசருக்குள்ளதான் ஓடுது. யுஎஸ்சிஐஎஸ்ல கேஸ் என்னாச்சுன்னு பார்க்கணும், ஊர் பேங்க்ல என்ஆர்இ கணக்கைப் பார்க்கணும், அம்மா அப்பாவுக்கு விசிட்டர் விசா போடணும், ஊர்ல இருக்கிற மனைக்கு வில்லங்கம் பார்க்கணும். அதே பிரவுசர்ல கூப்பன் தேடுறதுக்கும் வீடியோ இறக்குறதுக்கும் கண்ட எக்ஸ்டென்ஷனையும் போட்டு வைக்கிறோம். நீ போற எல்லா தளத்திலயும் இருக்கிறதைப் படிக்கவும் மாத்தவும் பல எக்ஸ்டென்ஷன் அனுமதி கேட்கும். அவசரத்துல 'சரி'ன்னு அமுக்கிடுவோம். அந்த 'எல்லா தளத்துல' உன் பேங்க்கும் அடக்கம். அதனால பணம் புழங்குற பிரவுசர்ல ஒரு எக்ஸ்டென்ஷன்கூட இருக்கக் கூடாது. இதுல மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

பணம், விசா வேலைக்கு குரோம், எட்ஜ் எதுவானாலும் சரி. 2020 ஜனவரியில இருந்து எட்ஜும் குரோமுக்கு அடித்தளமான குரோமியம் மேலதான் ஓடுது. பிரேவ், ஓப்பரா எல்லாமும் அப்படித்தான். அதனால பக்கம் திறக்கிற விதத்துல பெரிய வித்தியாசம் தெரியாது. ஃபாரம் நிரப்பும்போது முகவரிக்கான ஆட்டோஃபில்லை அணைச்சிடு. இல்லேன்னா அம்மாவோட முகவரி கேட்கிற கட்டத்துல உன் ஜெர்சி சிட்டி முகவரி போய் உட்கார்ந்துக்கும், கவனிக்கவும் மாட்டே. விசிட்டர் விசாவுக்கான டிஎஸ்-160 ஃபாரம் நிரப்புறப்போ ஆரம்பத்துலயே வர்ற அப்ளிகேஷன் ஐடியை எழுதி வச்சுக்கோ. 20 நிமிஷம் கை வைக்காம விட்டா தளம் உன்னை வெளியே தள்ளிடும், அதனால ஒவ்வொரு பக்கத்தையும் சேமிச்சுட்டு நகரு. ஊர் தளங்கள்ல ரசீதோ பிடிஎஃப்போ திறக்கலேன்னா, முகவரிப் பட்டையோட வலது ஓரத்தைப் பாரு. பாப்-அப்பைத் தடுத்திருக்கும். அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அனுமதி கொடு.

மத்த வேலைக்கு எல்லாம் என் ஓட்டு ஃபயர்பாக்ஸுக்குத்தான். குரோம் 2008 செப்டம்பர்ல வந்தது, அதை உருவாக்குற வேலையில முன்னால நின்னவர் மதுரையில பிறந்த சுந்தர் பிச்சைன்னு நமக்கெல்லாம் பெருமைதான். ஆனா கூகுளுக்குச் சோறு போடுறது விளம்பரம். விளம்பரத்தை நல்லா வடிகட்டின யுபிளாக் ஆரிஜின், எக்ஸ்டென்ஷன் விதிகளை மாத்தினதால இப்போ குரோம்ல ஓடாது. அதோட 'லைட்' வடிவம்தான் மிச்சம். ஃபயர்பாக்ஸ்ல முழுசா ஓடுது, ஆண்ட்ராய்டு போன்லயும் ஓடுது. மொசில்லாவோட வருமானத்துல பெரும்பங்கு கூகுள் தேடலை முதல்ல வைக்கிறதுக்கு வாங்குற பணம்தான், அதையும் தெரிஞ்சு வச்சுக்கோ. இருந்தாலும் அந்த ஒரு எக்ஸ்டென்ஷனுக்காகவே ஃபயர்பாக்ஸ் போடலாம்.

ஐபோன்ல இந்தக் கணக்கே வேற. அமெரிக்காவுல ஐபோன்ல எந்த பிரவுசர் போட்டாலும் உள்ளே ஓடுறது சஃபாரியோட வெப்கிட்தான். வேகத்துக்காக மாத்திப் பிரயோஜனம் இல்ல. லேப்டாப்புல இருக்கிற பாஸ்வேர்டும் புக்மார்க்கும் போனுக்கு வரணும்னா மட்டும் மாத்து.

இன்காக்னிட்டோவை ரொம்ப நம்பாதே. அது உன் கம்ப்யூட்டர்ல தடம் விடாம பார்த்துக்கும், அவ்வளவுதான். லைப்ரரி கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தா கட்டாயம் அதைத்தான் திற. ஆனா ஆபீஸ் லேப்டாப்புல நீ எங்கெங்க போறேன்னு ஆபீஸ் நினைச்சா பார்க்க முடியும். ஹெச்-1பில இருந்துக்கிட்டு வேற வேலை தேடுறதோ, வக்கீலுக்கு மெயில் போடுறதோ, அதுல செய்யவே செய்யாதே. சொந்த லேப்டாப்புல செய்.

இந்தியா இ-விசா, ஓசிஐன்னு தேடினா மேல வர்றதுல பல 'ஸ்பான்சர்ட்' விளம்பரம். கூடுதல் காசு வாங்கிக்கிட்டு உனக்காக ஃபாரம் நிரப்புற ஏஜென்ட்டுகளும் அதுல இருப்பாங்க, போலிகளும் இருக்கலாம். முகவரி டாட் கவ் டாட் இன்னு முடியுதான்னு பாரு, அமெரிக்க அரசுன்னா டாட் கவ். முதல் சாய்கோட்டுக்கு முன்னாடி எப்படி முடியுதுங்கிறதுதான் கணக்கு. நடுவுல 'கவ்' இருந்தா ஏமாறாதே. ஒருமுறை சரியான தளத்துக்குப் போனதும் புக்மார்க் பண்ணிடு, அடுத்த தடவை தேடவே வேண்டாம். பாஸ்வேர்டை பிரவுசர்லயே சேமிச்சு வச்சா இன்னொரு நன்மை இருக்கு. தளத்தோட பேர்ல ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பிரவுசர் தானா நிரப்பாது. வழக்கமா நிரப்புற இடத்துல நிரப்பலேன்னா, நீயா டைப் பண்ணாம முகவரியை இன்னொரு தடவை வாசி.

அம்மா அப்பா ஆறு மாசம் வந்து தங்கும்போது அவங்களுக்கு எட்ஜைத் திறந்து கொடு. தமிழ்ப் பக்கத்தைத் திறந்து 'ரீட் அலவுட்' அமுக்கினா அதுவே வாசிக்கும். குரல்களுக்கு பல்லவி, வள்ளுவர்னு பேர் வச்சிருக்காங்க, உச்சரிப்பும் நல்லாவே இருக்கு. கண்ணாடி தேடாம ஊர்ச் செய்தி கேட்கலாம். எழுத்து அளவை 125 சதவீதம் வச்சிட்டு, வேணும்கிற நாலு தளத்தை மட்டும் ஃபேவரிட்ஸ் பட்டையில தமிழ்ப் பேரோட போட்டு வை. நோட்டிஃபிகேஷன் கேட்கிறதை செட்டிங்ஸ்ல மொத்தமா அணைச்சிடு. 'உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ்'னு பயமுறுத்துறது பெரும்பாலும் அந்த வழியாத்தான் வருது.