லொறியின் அடிப்பாகமும் டீசல் கணக்கும்

லொறி வைத்திருக்கும் வியாபாரிகளில் அநேகர் கெபினுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், பொடிக்குப் புதுப் பலகை போடுவார்கள். குனிந்து அடியைப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் சேசிஸ், பிறேக் குழாய், டீசல் தாங்கி, ஸ்பிரிங் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வாகனத்தின் ஆயுளும் அங்கேதான் இருக்கிறது.

அடிப்பாகத்துக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று உப்பு. புத்தளம் உப்பளப் பக்கமும் கரையோர வீதிகளிலும் ஓடும் லொறிகளை உப்புக் காற்று அரிக்கிறது. மீன் லொறிகளில் பெட்டிகளிலிருந்து வடியும் தண்ணீரும் உப்புத்தான். ஜப்பானிலிருந்து வந்த பாவித்த லொறி வாங்குவோரும் அடியை நன்கு பார்க்க வேண்டும். அங்கு பனி பெய்யும் பிரதேசங்களில் வீதிக்கு உப்புத் தூவுவார்கள். இரண்டாவது எதிரி கல்லும் பள்ளமும்.

இதற்குப் பயந்து சிலர் கனத்த இரும்புத் தகட்டை அடி முழுவதும் போட்டுவிடுகிறார்கள். 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தகடு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 39 கிலோ. இரண்டு சதுர மீற்றர் போட்டால் 78 கிலோ, அதாவது ஒன்றரை மூடை அரிசியின் பாரம். அதற்குக் கூலி தருவார் யாருமில்லை. லொறி வெறுமையாகத் திரும்பும்போதும் அது கூடவே வந்து டீசல் குடிக்கும். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு லீற்றரின் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே கவனிக்க வேண்டியவை:

1. தகடு கல் படும் இடத்துக்கு மட்டும் போதும். ஒயில் சம்ப், டீசல் தாங்கி ஆகியவை முக்கியம். அலுமினியம் அதே தடிப்பில் இரும்பின் மூன்றிலொரு பங்கு பாரமே. இரும்போடு நேரடியாக ஒட்டாமல் இடையில் றப்பர் வையுங்கள், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் பட்டு அரிக்கும். தண்ணீர் வடியத் துளையும், கழற்ற வசதியாகப் போல்ட்டும் இருக்கட்டும்.

2. கறளுக்கு மருந்து தகடல்ல, பூச்சு. முதலில் கழுவிக் காயவிட்டு, கறளைச் சுரண்டி, கறள் தடுப்புப் பெயின்ட் அடித்த பிறகே அண்டர்கோட் அடிக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் கறள் உள்ளே இருந்து வளரும். சேசிஸிலுள்ள வடிகால் துளைகளை அடைக்க வேண்டாம். பிறேக்கிலும் சைலன்சரிலும் பூச்சுப் படக் கூடாது.

3. பழைய எஞ்சின் ஒயிலை அடியில் விசிறும் வழக்கத்தை விடுங்கள். அது றப்பர் புஷ்களைக் கெடுக்கும், தூசியைப் பிடிக்கும், சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும்.

4. கரையோர ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரால் அடியைக் கழுவுங்கள். இதுவே மிக மலிவான பாதுகாப்பு. ஒட்டிய சேறும் பாரந்தானே.

5. அதிவேகப் பாதையில் ஓடுவோர் தகடு தொங்காமல் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மெதுவான ஓட்டத்தில் பாரமும் டயர் காற்றும்தான் டீசலைத் தீர்மானிக்கின்றன.

கறளும் டீசல் குடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். கறள் பிடித்து இறுகிய பிறேக், சில்லைப் பிடித்துக்கொண்டே ஓடும். அரிபட்ட பிறேக் குழாய் கடுகண்ணாவை இறக்கத்தில் முழுப் பாரத்தோடு வெடித்தால், இழப்பு சரக்கோடு நிற்காது. டிரைவருக்கும் கிளீனருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மாதம் ஒருமுறை லொறியைக் குழியில் ஏற்றச் சொல்லி, டோர்ச்சோடு முதலாளியே இறங்கிப் பாருங்கள். அரை மணி நேரம் போதும்.